வாட் என்று கண்டால், எந்த வாட் என்று கேளுங்கள்

2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்த நாட்களில், திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் அக்கா நகரத்துக் கடையொன்றில் ஒரு யூ.பி.எஸ். வாங்கினார். பெட்டியின் முன்பக்கத்தில் 1000 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஆயிரம் வாட் என்று சொல்லியே விற்றிருந்தார்கள். அன்று மாலை மின்சாரம் நின்றதும் அக்கா 700 வாட் ரைஸ் குக்கரை அதில் செருகினார். யூ.பி.எஸ். இரண்டு முறை கீச்சிட்டுவிட்டு அணைந்து போனது. "தம்பி, ஆயிரத்துக்குள்ள எழுநூறு அடங்காதோ? பெட்டியில ஆயிரம் எண்டுதானே கிடக்கு?" என்று தொலைபேசியில் கேட்டார். நான் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் பார்த்தேன். 1000 வி.ஏ., 600 வாட் என்று இரண்டு எண்களும் சிறிய எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வீடுகளுக்கு மின்வேலைக்குப் போகும் நான் இந்தக் குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன். மின்குமிழ்ப் பெட்டியில் ஒரு வாட், நீர்ப்பம்பியில் ஒரு வாட், ஸ்பீக்கரில் ஒரு வாட், கூரையில் போடும் சூரியத் தகட்டில் இன்னொரு வாட் என்று ஒரே சொல் வெவ்வேறு பொருளில் வருகிறது. வாட் என்ற அளவை மாறுவதில்லை. ஒரு செக்கனில் ஒரு யூல் சக்தி கைமாறினால் அது ஒரு வாட். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரை 1882 இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்த காலம் தொட்டு அதன் பொருள் அதுதான். மாறுவது அந்த எண்ணை எங்கே நின்று அளந்தார்கள் என்பது. சுவரில் இருந்து உள்ளே போவதை அளந்தார்களா, கருவியில் இருந்து வெளியே வருவதையா? நாள் முழுக்கத் தாங்கக்கூடியதைச் சொல்கிறார்களா, ஒரு கணத்துக்கு எட்டக்கூடியதையா? உண்மையில் அளந்தார்களா, வேறொன்றோடு ஒப்பிட்டுச் சொன்னார்களா? தகட்டைப் படிக்கும்போது இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

முதலில் வலுவையும் சக்தியையும் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் பாடநூல்கள் வலு, சக்தி என்று இரண்டு சொற்களைத் தந்திருக்கின்றன. தமிழகத்தில் இவற்றையே திறன், ஆற்றல் என்பார்கள். வலு என்பது சக்தி செலவாகும் வேகம்; அதன் அளவை வாட். சக்தி என்பது செலவான மொத்தம். மின்பட்டியலில் வரும் அலகு என்பது அதுதான், ஒரு கிலோவாட் மணித்தியாலம். மோட்டார் சைக்கிளில் நகரத்தில் இருந்து நிலாவெளிக்குப் போகும்போது முள் காட்டும் வேகம் வாட் போன்றது. அதற்குக் கீழே மெல்ல உருளும் இலக்கங்கள் காட்டும் தூரம் அலகு போன்றது. வேகத்தைப் பார்த்து எரிபொருள் செலவைச் சொல்ல முடியாது, எவ்வளவு நேரம் ஓடினீர்கள் என்றும் தெரிய வேண்டும். ஆகவே "மணிக்கு 100 வாட் எடுக்கும்" என்று எவராவது சொன்னால் அந்த வாக்கியத்தைத் திருத்திக் கேளுங்கள். 100 வாட் என்பதற்குள்ளேயே நேரம் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் ஓடினால் அது 100 வாட் மணித்தியாலம், அதாவது ஓர் அலகில் பத்தில் ஒன்று.

தேநீருக்குத் தண்ணீர் சுட வைக்கும் கேத்தலில் இதை நேரே பார்க்கலாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 பாகை அளவில் வருகிறது என்று கொண்டால், ஒரு லீற்றரை 100 பாகைக்குக் கொண்டு போக ஏறத்தாழ 293 கிலோயூல் வேண்டும். 2000 வாட் கேத்தல் இதை இரண்டரை நிமிடத்தில் செய்யும், 1000 வாட் கேத்தல் ஐந்து நிமிடத்தில் செய்யும். இரண்டுக்கும் செலவாகும் சக்தி ஒன்றே. பன்னிரண்டு லீற்றர் கொதிக்க வைத்தால் ஏறக்குறைய ஓர் அலகு. மெதுவாகச் சுடும் கேத்தல் அந்த ஐந்து நிமிடமும் தன் உடலால் வெப்பத்தை வெளியே விடுவதால், வாட் குறைந்தது சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். பட்டியலைக் குறைக்க வேண்டும் என்று வாட் குறைந்த கேத்தலைத் தேடி அலைவதில் பயனில்லை. வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் ஊற்றுவதில்தான் பயன் இருக்கிறது.

அதே கேத்தலின் அடியில் இருக்கும் தகட்டையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். 220–240 வோல்ற், 1850–2200 வாட் என்று இருக்கக்கூடும். ஒரு கேத்தலுக்கு எப்படி இரண்டு வாட் வந்தது? வெப்பச் சுருளின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 220 வோல்ற்றில் 1850 வாட் தரும் சுருள் 240 வோல்ற்றில் 2200 வாட் தரும். மின்மாற்றியில் இருந்து தொலைவில் இருக்கும் கிராமத்து வீட்டில் மாலை வேளையில் அழுத்தம் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் அதே சுருள் 1530 வாட் அளவில்தான் தரும். "பின்னேரத்தில கேத்தல் சுணங்குது" என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள்.

உங்கள் மின்மானியே வாட்டைக் காட்டும்

தகட்டில் எழுதியிருப்பதை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது, அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. இலத்திரனியல் மின்மானியின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே ஒரு கிலோவாட் மணித்தியாலத்துக்கு இத்தனை துடிப்புகள் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மின்னலில் தொடங்கிப் பத்தாவது இடைவெளி முடியும் வரை எத்தனை செக்கன் என்று பாருங்கள். 36,000,000 ஐ அந்த மின்மானி எண்ணாலும் செக்கனாலும் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் வந்துவிடும். 1600 துடிப்பு மின்மானியில் பத்து இடைவெளிக்கு 90 செக்கன் எடுத்தால் வீடு 250 வாட் எடுக்கிறது. பழைய வட்டத்தகட்டு மின்மானியாக இருந்தால், கறுப்புக் கோடு ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரத்தை எடுங்கள். 600 சுற்று என்று எழுதியிருந்து ஒரு சுற்றுக்கு 40 செக்கன் எடுத்தால் அது 150 வாட். பார்ப்பதோடு நின்றுகொள்ளுங்கள். மின்மானியின் முத்திரையைத் தொடக் கூடாது, மூடியைக் கழற்றக் கூடாது.

லிங்கநகரில் ஒரு வீட்டில் எல்லா ஆளிகளையும் அணைத்துவிட்டோம் என்று சொன்னார்கள். நான் மின்மானியின் முன் நின்றேன். விளக்கு மின்னுவது நிற்கவில்லை. 45 செக்கனுக்கு ஒரு முறை, நிதானமாக, மின்னிக்கொண்டே இருந்தது. 1600 துடிப்பு மின்மானியில் அது 50 வாட். தேடிப் பார்த்தபோது, வாசல் கமராக்களின் பதிவுப் பெட்டி அலுமாரியின் பின்னாலும், பழைய அன்ரெனாப் பெருக்கி கூரைக்குள்ளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. 50 வாட் என்பது கேட்பதற்குச் சிறியது. ஒரு நாளைக்கு 1.2 அலகு, 30 நாளைக்கு 36 அலகு. வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 எனப் படிகளில் ஏறும் நாட்டில், 30 அலகு அகலமுள்ள ஒரு படியைத் தாண்ட அந்த 36 போதும். அதேசமயம் 2000 வாட் கேத்தலைக் கண்டு அந்த வீட்டார் பயந்துகொண்டிருந்தார்கள். வாட்டை மட்டும் பார்த்து நேரத்தைப் பார்க்காமல் விடுவதால் வருவது இது.

குளிர்சாதனப் பெட்டியில் இந்தத் தவறு மறுபக்கமாக நடக்கும். அதன் தகட்டில் உள்ள வாட்டை 24 ஆல் பெருக்கிப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் உண்டு. அமுக்கி ஓடும் நேரத்துக்கு மட்டுமே அந்த எண் பொருந்தும். அது ஓடி ஓடி நிற்கும். அதற்கு, நாள் கணக்கில் எடுக்கும் அலகையே பார்க்க வேண்டும்.

உள்ளே போவதும் வெளியே வருவதும்

எல்.ஈ.டி. மின்குமிழின் பெட்டியில் 9 வாட் என்றும், அதன் அருகிலேயே 60 வாட் என்றும் இருக்கும். முன்னது மின்மானி கணக்கெடுக்கும் வாட். பின்னது வாட்டே அல்ல. பழைய இழைக் குமிழ் 60 வாட் எடுத்துத் தந்த வெளிச்சத்தை இது தரும் என்ற ஒப்பீடு. இழைக் குமிழ் எடுத்ததில் பெரும்பகுதி வெப்பமாகவே போயிற்று, வெளிச்சமானது சிறு பங்கு. ஆகவே வெளிச்சத்துக்கு லுமென் என்ற எண்ணைப் பாருங்கள்: 60 வாட் இழைக் குமிழுக்கு ஈடு என்பது 800 லுமென் அளவு, 40 வாட்டுக்கு ஈடு 470 அளவு. இரண்டு கடைகளில் இரண்டு 9 வாட் குமிழ்கள் ஒன்று 900 லுமெனும் மற்றது 700 உம் தரலாம். வாட் ஒன்றாக இருப்பதால் வெளிச்சமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று: விளக்குக் கூட்டில் "உயர்ந்தபட்சம் 40 வாட்" என்று எழுதியிருந்தால் அது வெப்பத்துக்கான எல்லை. 60 வாட்டுக்கு ஈடான 9 வாட் குமிழைத் தயங்காமல் அதில் போடலாம்.

மைக்ரோவேவ் அடுப்பில் முன்பக்கத்து 800 வாட் உணவுக்குள் போவது, பின்பக்கத்து 1200 அல்லது 1300 வாட் சுவரில் இருந்து எடுப்பது. சமையல் குறிப்புக்கு முதலாவது, வயருக்கும் மின்பிறப்பாக்கிக்கும் இரண்டாவது.

குளிரூட்டி இதற்கு எதிர்மாறாக நடப்பதால் சிலருக்கு நம்பவே முடிவதில்லை. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இங்கு அதிகம் விலைபோவது 12,000 பி.ரி.யு. குளிரூட்டி. பி.ரி.யு. என்பது வெப்பத்தின் பழைய ஆங்கில அளவை. மணித்தியாலத்துக்கு 12,000 என்ற அந்த எண்ணை வாட்டுக்கு மாற்றினால் 3517 வருகிறது. சில தகடுகளில் 3.5 கிலோவாட் என்றே போட்டிருப்பார்கள். அதைக் கண்டு மூன்றரைக் கிலோவாட் மின்சாரம் என்று பயப்பட வேண்டாம். அறைக்குள் இருந்து வெளியே தூக்கி எறியப்படும் வெப்பத்தின் வேகம் அது. குளிரூட்டி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால்தான் 1000 முதல் 1200 வாட் வரை மின்சாரம் எடுத்து 3500 வாட் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. வயர் போடவும் பட்டியல் கணக்கிடவும் தகட்டில் "உள்ளீடு" என்ற பொருளில் வரும் எண்ணை எடுங்கள். அறைக்குப் போதுமா என்று பார்க்க மற்றதை எடுங்கள். ஒரு தொன் குளிரூட்டி என்பதும் எடையல்ல. 2000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம் என்பதே அந்தத் தொன். அதுவும் அதே 3517 வாட்.

நீர்ப்பம்பியின் கதைதான் இவற்றில் நீளமானது. நிலாவெளிப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு குதிரைவலுப் பம்பி பூட்டினோம். குதிரைவலு என்பது 746 வாட். ஆனால் அது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் சுழற்சி வலு. அந்தத் தகட்டில் பி1, பி2 என்று இரண்டு எண்கள் இருந்தன. பி1 சுவரில் இருந்து எடுப்பது, 1100 வாட். பி2 அச்சில் தருவது, 0.75 கிலோவாட். இடையில் உள்ள 350 வாட் மோட்டாரின் உடலைச் சூடாக்குகிறது. கை வைத்துப் பார்த்தால் தெரியும். பட்டியல் வருவது 1100 க்கு. தோட்டக்காரருக்கு வேண்டியதோ மூன்றாவது வாட் ஒன்று, தண்ணீருக்குப் போய்ச் சேர்வது. அதை அளக்க 200 லீற்றர் பீப்பா ஒன்றே போதும். தூவிக் குழாயின் தொடக்கத்தில் பிடித்தபோது பீப்பா 67 செக்கனில் நிறைந்தது. செக்கனுக்கு மூன்று லீற்றர். கிணற்று நீர்மட்டத்தில் இருந்து ஐந்து மீற்றர் ஏற்றம், தூவிகளுக்கு வேண்டிய அழுத்தமும் குழாயின் உராய்வும் சேர்ந்து இன்னும் பத்து மீற்றருக்குச் சமம். மூன்று கிலோகிராமை 9.8 ஆலும் 15 ஆலும் பெருக்கினால் 440 வாட். 1100 வாங்கி 746 ஆகி 440 ஆகத் தண்ணீரில் முடிகிறது. இது நல்ல பம்பி. உட்காற்றாடி தேய்ந்த பம்பியிலும் தகடு அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பீப்பா நிறைய 100 செக்கன் எடுக்கும்போதுதான் உண்மை தெரியும். மாரி முடிந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கும் காலத்திலும் நடுக்கோடையிலும் ஒரு முறை பீப்பா வைத்து அளந்து, சுவரில் திகதியோடு எழுதி வையுங்கள். எந்தத் தகட்டையும்விட அந்தச் சுவர் உங்களுக்குப் பயன்படும்.

மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1100 வாட் பம்பிக்கு 1500 வாட் மின்பிறப்பாக்கி வாங்கியவர்கள் தொடங்கும்போதே அது திணறுவதைக் கண்டிருப்பார்கள்.

வி.ஏ. என்பது வாட் அல்ல

அக்காவின் யூ.பி.எஸ்.ஸுக்கு வருகிறேன். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாட் என்று பள்ளியில் படிக்கிறோம். அது பற்றரியின் நேர் மின்னோட்டத்துக்கு எப்போதும் சரி. வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்தில் அழுத்தமும் ஓட்டமும் செக்கனுக்கு 50 தடவை அலைபோல ஏறி இறங்குகின்றன. வெப்பச் சுருளில் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அங்கே பெருக்குத்தொகை முழுவதும் வாட். மோட்டாரில் ஓட்டம் சற்றுப் பின்தங்கி வரும். அப்போது வயரில் ஓடும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். கணினி போன்ற கருவிகளில் ஓட்டத்தின் அலை வடிவமே குலைந்திருக்கும். வெறுமனே பெருக்கி வருவதை வோல்ற் அம்பியர், சுருக்கமாக வி.ஏ., என்றும், உண்மையில் வேலையாக மாறுவதை வாட் என்றும், இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வலுக்காரணி என்றும் சொல்கிறோம். அந்த யூ.பி.எஸ்.ஸில் அது 0.6. 1000 வி.ஏ. என்பது அதன் வயரும் மின்மாற்றியும் தாங்கும் மின்னோட்டத்தின் எல்லை. 600 வாட் என்பது அது தரக்கூடிய வலுவின் எல்லை. இரண்டில் எதை முதலில் தொட்டாலும் அது அணையும். ரைஸ் குக்கர் வெப்பச் சுருள் என்பதால் அதன் 700 வி.ஏ.யும் 700 வாட்டும் ஒன்றே. முதல் எல்லைக்குள் அடங்கி இரண்டாவதைத் தாண்டிவிட்டது. விற்பவர்கள் பெரிய எண்ணை முன்னால் அச்சிடுவது பொய் ஆகாது, ஆனால் கேட்டு வரும் ஒருவருக்கு வாட் என்று சொல்லி விற்பது பொய். அதை நான் அந்தக் கடையில் போய்ச் சொன்னேன்.

மின்பிறப்பாக்கிகளிலும் இப்படியே: 5 கே.வி.ஏ. என்று மட்டும் எழுதி வலுக்காரணி 0.8 என்று இருந்தால் கிடைப்பது 4 கிலோவாட். கூடியபட்சம் ஒன்று, தொடர்ந்து தருவது ஒன்று என இரண்டு எண்கள் இருந்தால் சிறியதையே கணக்கில் எடுங்கள். வீட்டு மின்மானி வாட்டுக்கு மட்டுமே அலகு எண்ணும், வி.ஏ. பற்றி வீட்டுப் பட்டியலில் கவலை வேண்டாம். பெரிய இணைப்புள்ள விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும், ஒரே நேரத்தில் எடுத்த ஆகக் கூடிய அளவுக்கான உச்சக் கேள்விக் கட்டணம் கே.வி.ஏ.யில் வரும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் மின்பலகைக்குப் பக்கத்தில் கொள்ளளவிகள் நிறைந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தால், வேலையற்ற அந்த மின்னோட்டத்தைக் குறைக்கவே அது நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கரும் வானொலியும்

ஸ்பீக்கர் பெட்டியில் 3000 வாட் பி.எம்.பி.ஓ., அதாவது ஒரு கணத்து உச்சம், என்று கண்டால் அந்த எண்ணை முழுதாக விட்டுவிடுங்கள். அதற்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் கிடையாது. பின்புறத்தில் மின்சாரம் எடுக்கும் அளவு 40 வாட் என்று இருந்தால், அதற்கு மேல் தொடர்ந்து ஒலியாகத் தர அதனால் இயலாது. தொடர்ந்து தரும் வலுவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்று எழுதிய வாட்டையே ஒப்பிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிப்பவர்கள், ஸ்பீக்கரின் வாட் என்பது அது தாங்கக்கூடிய வலு என்பதையும், வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே ஏறும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் தரும் ஒலி, 96 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், 90 டெசிபல் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்கு வலுவில் அதே சத்தத்தைத் தரும்.

ஒலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1980-களில் ஜேர்மனியின் டொய்ச்செ வெல்லே வானொலி திருகோணமலையில், தன் நிகழ்ச்சிகளை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ஓர் அஞ்சல் நிலையம் அமைத்து, 250 கிலோவாட் சிற்றலைப் பரப்பிகளை நிறுத்தியது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்த 250 கிலோவாட் பரப்பியில் இருந்து அன்ரெனாவுக்குப் போகும் வலு. மின்கம்பியில் இருந்து எடுப்பது அதைவிடக் கூட. திசைப்படுத்திய அன்ரெனா அலையை ஒரு பக்கம் குவிப்பதால், அந்தத் திசையில் கேட்பவருக்குப் பல மடங்கு வலுவுள்ள நிலையம் போல் தோன்றும். ஒரே நிலையத்துக்கு மூன்று வாட், மூன்றும் சரியானவை.

சம்பூரிலும் உங்கள் கூரையிலும்

சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் குறித்திருக்கிறார்கள். 500 ஐயும் 120 ஐயும் நேரே ஒப்பிட்டுப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். இரண்டும் ஒரே பொருளில் மெகாவாட் அல்ல. நிலக்கரி நிலையத்தின் 500 என்பது பழுதும் பராமரிப்பும் இல்லாத நேரமெல்லாம் இரவும் பகலும் தரக்கூடியது. சூரிய நிலையத்தின் 120 என்பது நல்ல வெயிலில் எட்டும் உச்சம். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கும் பரப்பிப் பார்த்தால் சராசரி அதில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோதான். இன்னொரு மெகாவாட்டும் இருக்கிறது. நிலக்கரி நிலையத்தின் மொத்த வினைத்திறன் 36 வீதம் என்று கொண்டால், 500 மெகாவாட் மின்சாரத்துக்கு 1400 மெகாவாட் அளவு வெப்பம் எரிக்க வேண்டும். மிகுதி 900 மெகாவாட்டில் பெரும்பங்கு, குளிர்த்தும் நீரோடு கடலுக்குப் போகும். கொட்டியாரக் குடாவில் வலை போட்டுப் பிழைக்கும் ஊர்களுக்கு அந்த 500 ஐவிட இந்த 900 தான் முதலில் சொல்லப்பட்டிருக்க வேண்டிய எண் என்பது என் கருத்து.

கூரைக்கு வருவோம். 5 கிலோவாட் பீக் என்று விற்கும் தொகுதி, ஆய்வுகூடத்தில் சதுர மீற்றருக்கு 1000 வாட் ஒளியில், கலத்தின் வெப்பநிலை 25 பாகையாக இருக்கும்போது தரும் வலுவைச் சொல்கிறது. திருகோணமலையில் நண்பகல் வெயிலில் தகடு 60 பாகைக்குச் சூடாகும். ஒவ்வொரு பாகைக்கும் 0.35 வீதம் அளவில் வலு குறையும் என்பதால் அங்கேயே 12 வீதம் போய்விடும். வயரும், தகட்டின் நேர் மின்னோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேர்ட்டரும், தூசும் கடற்காற்றின் உப்பும் இன்னும் சிறிது எடுக்கும். ஆகவே 5 கிலோவாட் தொகுதி நண்பகலில் 4 ஐக் காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது நன்றாகவே வேலை செய்கிறது. விலை கேட்கும்போது தகடுகளின் பீக் எவ்வளவு, இன்வேர்ட்டரின் கிலோவாட் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். 6 கிலோவாட் பீக் தகடுகளோடு 5 கிலோவாட் இன்வேர்ட்டர் வைப்பது வழமைதான். ஆனால் அதை 6 கிலோவாட் மின்சாரம் என்று சொன்னால் மறுத்துக் கேளுங்கள். நீங்கள் உண்மையில் ஒப்பிட வேண்டியது ஆண்டுக்கு எத்தனை அலகு என்பதை. ஒரு கிலோவாட் பீக்குக்கு நாளொன்றுக்கு 3.5 முதல் 4 அலகு என்பது நியாயமான எதிர்பார்ப்பு; நவம்பர், டிசம்பர் மாரி மழையில் அது நன்றாகக் குறையும், அதையும் சேர்த்த ஆண்டுக் கணக்கு அது.

எவ்வளவு நேரம் என்ற கேள்வி

பற்றரியில் வாட்டே எழுதியிருக்காது. 12 வோல்ற், 7 அம்பியர் மணித்தியாலம் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாட் மணித்தியாலம். கைத்தொலைபேசிக்கான பவர் பாங்கில் 20,000 மில்லி அம்பியர் மணித்தியாலம் என்று இருந்தால், உள்ளே உள்ள கலத்தின் 3.7 வோல்ற்றால் பெருக்கி 74 வாட் மணித்தியாலம் என்று எடுங்கள். வானூர்தியில் பொதுவாக 100 வரைதான் விடுவார்கள் என்பதால் வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உதவும்.

அக்காவின் யூ.பி.எஸ்.ஸுக்குள் அத்தகைய 84 வாட் மணித்தியாலப் பற்றரிகள் இரண்டு இருந்தன. மொத்தம் 168, வேகமாக இறக்கும்போது ஈயப் பற்றரி முழுவதையும் தராது, மாற்றும் சுற்றிலும் இழப்பு உண்டு, ஆகவே கைக்குக் கிடைப்பது 105 அளவு. சோறு வேக அரை மணித்தியாலம் 700 வாட் வேண்டும், அது 350 வாட் மணித்தியாலம். வலுவின் எல்லை ஆயிரம் வாட்டாகவே இருந்திருந்தாலும் அந்தப் பானை பாதிக்குக்கூட வெந்திருக்காது. மின்விசிறி 50 வாட், 9 வாட் குமிழ் இரண்டு, இணைய ரவுட்டர் 12 வாட் என்று கூட்டினால் 80 வாட். 105 ஐ 80 ஆல் வகுத்து, ஒரு வெள்ளை நாடாவில் "600 வாட்டுக்கு மேல் செருக வேண்டாம், 80 வாட் என்றால் ஒரு மணித்தியாலமும் கால்" என்று எழுதிப் பெட்டியின் நெற்றியில், அந்த ஆயிரத்தின் மேலேயே, ஒட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு சோறு விறகடுப்பில் வெந்தது. மின்விசிறி எட்டு மணியில் இருந்து ஒன்பதே கால் வரை சுழன்றது.